பன்னிரண்டு மில்லிமீட்டர்

டான்டெனோங்கில், லொறிக்கு அச்சுப் பூட்டும் தொழிற்சாலையில்
காலைத் தேநீருக்குப் பதினைந்து நிமிடம்.
ஒன்பதாவது நிமிடத்தில் பள்ளிக்கூடம் அழைத்தது.

கோழிக்கூட்டைத் திறந்துவிட்டாளாம் ஆரணி.
பதினொரு கோழி.
எட்டுப் பிடிபட்டன. இரண்டு நூலகத்தில்.
ஒன்று இன்னும் கார் நிறுத்துமிடத்தில்
துணை அதிபரோடு வாதாடிக்கொண்டிருக்கிறது.

"ஏன் திறந்தனி?"
"அதுகள் கதவையே பாத்துக்கொண்டு நிண்டதுகள்."
"செய்ய முதல் யோசிக்கேல்லையோ?"
"யோசிச்சனான் அம்மா.
யோசிக்கேக்க கை திறந்து முடிச்சிட்டுது."

கை முந்தி, நினைப்புப் பிந்தி.
டொக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று
நாலெழுத்து வைத்திருந்தார்.
மாத்திரை தந்தார், ஒரு தாளும் தந்தார்:
நில், மூச்செடு, யோசி, செய்.
பக்கத்தில் ஓர் ஆமை.
கார்க் கதவைச் சாத்துமுன்
ஆமைக்கு மீசை முளைத்துவிட்டது.

கீஸ்பரோவில் ஒரு பிறந்தநாள்.
அடுத்தவள் பிள்ளையின் மெழுகுவர்த்தியை
இவள் முந்தி ஊதினாள்.
பிள்ளைக்குத் தமிழ் விளங்காதென்ற துணிவில்
ஒருத்தி சொன்னாள்:
"இதுக்கு நட்டுக் கழண்டிருக்கு."

வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.
எந்த நட்டு?
எவடத்து நட்டு?
உங்கட ஃபக்டரியில இருக்குமோ?

இருந்தது.
கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டு போல்ட் கொண்டுவந்தேன்,
பன்னிரண்டு எம்.எம்., மரை தேயாதது, நட்டோடு.
"ஏதும் செய்யவேணும் போல துள்ளினால்
முதல் இதை அடிவரைக்கும் திருகு.
அடியில முட்டின பிறகும் செய்யவேணும் போல இருந்தால்
என்னைக் கேள்."

ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.
எனக்கேன் என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போல்டையே எறிந்தாள்.
எதிர்வீட்டு நாய்க்கு வெக்கையாம்,
வாளிக்குள் விழுந்தால் தண்ணி தெறிக்குமாம்.
வாளிக்கு அப்பால் யன்னல் இருந்தது.

யன்னலுக்கு முந்நூற்றிருபது டொலர்.
ஆசிரியை மிஸ் கலாஹர் யாரிடமோ கேட்டு
பிளாஸ்டிக்கில் ஒன்று தேடித் தந்தார், சிவப்பு நிறம்.
எறிந்தாலும் நோகாது.

புதன்கிழமை இரவு
என் தொலைபேசி மீன்குழம்புச் சட்டிக்குள்.
"மிதக்குமோ எண்டு..."

என் கை எழும்பிவிட்டது.

எனக்கும் கை முந்தித்தான்.
டொக்டரிடம் சொன்னதில்லை.
அவருடைய படிவத்தில், பிள்ளை பற்றிய கேள்விகளில்
பாதிக்கு மேல்
என் பெயரை எழுதியிருக்கலாம்.

மற்றக் கை பைக்குள் போல்டைப் பிடித்தது.
நட்டைத் திருக இரண்டு கை வேண்டும்.
எழும்பின கை
இறங்கி வரவேண்டியிருந்தது.

ஒரு சுற்று. இரண்டு.
எண்ணெய் வற்றிய மரை, மெல்லத்தான் ஏறியது.
அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.
"முட்டிட்டுதோ அம்மா?"
"இல்லை."
"ஆறுதலாச் செய்யுங்கோ."
குழம்புக்குள் யாரோ அழைத்தார்கள்.
வெளிச்சம் மட்டும் வந்து வந்து போனது.

நேற்று மிஸ் கலாஹரின் மேசை மணியை அடித்திருக்கிறாள்.
ஏழு தரம்.
படுக்கையில் விரல் மடக்கிச் சொன்னாள்:
"மூண்டு சுத்துச் சுத்தினனான்.
பிறகும் அடிச்சனான்."

போன கிழமை ஒன்று.
அதற்கு முந்தின கிழமை
போல்ட் புத்தகப்பையின் அடியில் கிடந்தது.

விளக்கை அணைத்தேன்.
கதவடியில் நிற்கிறேன்.
இருட்டுக்குள் பிளாஸ்டிக் உரசுகிறது,
நிற்கிறது,
திரும்ப உரசுகிறது.

"அம்மா,
அடியில முட்டிட்டுது.
இன்னும் செய்யவேணும் போலதான் கிடக்கு."